ஒயினுக்கு ஊர் உண்டு, இறாலுக்கு?

சென்னை உணவகங்களில் சமைக்கிறவர்களுக்கும், மெனு கார்டு எழுதுகிறவர்களுக்கும், விடியற்காலையில் மீன் எடுக்கப் போகிறவர்களுக்கும் ஒரு திறந்த மடல்



உங்களில் பலருடைய மெனு கார்டில் இரண்டு பக்கங்கள் ஒன்றையொன்று அறியாமலேயே இருக்கின்றன. ஒயின் பக்கத்தில் நாடு, பள்ளத்தாக்கு, திராட்சை ரகம், அறுவடை ஆண்டு, தயாரித்த பண்ணை என்று ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஜாதகமே எழுதியிருக்கிறது. கடலுணவுப் பக்கத்தில் ‘ஜம்போ இறால், பூண்டு வெண்ணெயுடன்’ என்று ஒரு வரி, எதிரே விலை. உலகத்தின் மறுகோடியிலிருந்து கப்பலேறி வந்த சாற்றுக்குப் பிறந்த ஊர் தெரிகிறது. வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் பிடிபட்டு, ஐஸ் பெட்டியில் வேனேறி வந்த இறாலுக்கு சைஸ் மட்டும்தான் தெரிகிறது.

ஒயினைக் குறைசொல்ல எழுதிய மடல் அல்ல இது. ஒயின்காரர்கள் பாராட்டத் தகுந்த ஒரு காரியம் செய்திருக்கிறார்கள். கடலை ஒட்டிய குளிர்ந்த தோட்டம் தன் திராட்சைக்கு என்ன செய்கிறது என்று கூர்ந்து பார்த்தார்கள். பார்த்ததை எழுதி வைத்தார்கள். சட்டம் போட்டுக் காத்தார்கள். அந்தக் கவனத்தில் கால்வாசி பழவேற்காடு ஏரியின்மேல் விழுந்திருந்தால், அதன் கரையில் சுண்ணாம்புக்குளத்துப் பக்கம் கரையேறும் இறாலுக்கு இன்று வேறு மரியாதை கிடைத்திருக்கும்.

முதலில் அந்தத் தோட்டங்கள். திராட்சை பழுக்கும்போது சர்க்கரை ஏறுகிறது, புளிப்பு இறங்குகிறது. புளிப்பைத் தருவதில் மாலிக் அமிலம், டார்டாரிக் அமிலம் இரண்டும் முக்கியம். இவற்றில் மாலிக் அமிலத்தைப் பழம் தன் சுவாசத்துக்கே எரித்துச் செலவழிக்கும். சூடு கூடக்கூடச் செலவும் கூடும். இரவும் புழுக்கமாகவே இருந்துவிட்டால் கையிருப்பு விரைவில் காலி. குளிர்ந்த நீரோட்டம் ஓடும் கடற்கரையில் காலை மூடுபனியும் பிற்பகல் காற்றும் இந்தச் செலவை இழுத்துப் பிடிக்கின்றன. பழம் நின்று நிதானித்துப் பழுக்கிறது, வாசனைப் பொருள்கள் சேர அவகாசம் கிடைக்கிறது. அங்கே செய்த வெள்ளை ஒயினில் ஆல்கஹால் பெரும்பாலும் 12, 13 சதவீதத்தோடு நிற்கும், நாக்கின் ஓரத்தில் எலுமிச்சைக் கூர்மை இருக்கும். உள்நாட்டு வெக்கையில் விளைந்த அதே ரகம் 14, 15 சதவீதத்தைத் தொட்டுவிட்டு, கனிந்து குழைந்த பழத்தின் மணத்தோடு கனமாக உட்கார்ந்துகொள்ளும். சோவிஞ்ஞோன் பிளாங்கில் வரும் பச்சைக் குடைமிளகாய் வாசனையும் இப்படித்தான்: வெயிலும் சூடும் அதைத் தின்றுவிடும், குளிர் அதை மிச்சம் வைக்கும்.

உங்கள் கார்டுகளில் அடிக்கடி தென்படும் காசாபிளாங்காவையே எடுத்துக்கொள்ளலாம். சிலியின் தலைநகர் சான்டியாகோவுக்கும் வால்பரைசோ துறைமுகத்துக்கும் நடுவில் இருக்கும் இந்தப் பள்ளத்தாக்கை 1980-களின் தொடக்கம் வரை ஒயின்காரர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குளிர் அதிகம், வசந்தத்தில் உறைபனி விழுந்து தளிர் கருகிவிடும் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். கொஞ்சா இ டோரோ நிறுவனத்தில் ஒயின் தயாரித்துக்கொண்டிருந்த பாப்லோ மொராந்தே 1982-இல் அங்கே தன் சொந்த முயற்சியில் கொடி நட்டார். பசிபிக் கடலில் தெற்கிலிருந்து ஏறிவரும் ஹம்போல்ட் குளிர் நீரோட்டம் காலையில் பள்ளத்தாக்குக்குள் பனிமூட்டத்தை அனுப்பும். வெயில் ஏறியபின் காற்றை அனுப்பும். ஊரார் குறை என்று சொன்ன குளிரே அந்த மண்ணின் முதலீடாயிற்று. தென்னாப்பிரிக்காவில் டிம் ஹாமில்டன் ரஸ்ஸல் 1975-இல் ஹெர்மானஸ் கடற்கரைக்குப் பின்னால் நிலம் வாங்கியபோது, அந்த வட்டாரத்தில் ஒயின் திராட்சை பயிரிட அன்றைய ஒதுக்கீட்டு விதிகளே இடம்கொடுக்கவில்லை. இன்று ஹெமல்-அன்-ஆர்ட பள்ளத்தாக்கின் பினோ நுவார் உலகம் சுற்றுகிறது.

கலிபோர்னியாவில் இது இன்னும் ஒரு படி மேலே போயிற்று. சான்டா பார்பரா பக்கம் மலைத்தொடர் கிழக்கு மேற்காகக் கிடப்பதால் கடற்காற்று தடையில்லாமல் உள்ளே வருகிறது. கடலிலிருந்து ஒரு மைல் உள்ளே போனால் ஒரு டிகிரி பாரன்ஹீட் சூடு கூடும் என்பது அங்கே தோட்டக்காரர்கள் வாயில் புழங்கும் கணக்கு. வடக்கே பெட்டலூமா இடைவெளி என்ற பகுதிக்கு 2017-இல் தனி ஒயின் வட்டார அங்கீகாரம் கிடைத்தது. குன்றுகளுக்கு இடையே புகுந்து வீசும் காற்றைக் காட்டித்தான் அதை வாங்கினார்கள். பலத்த காற்றில் இலை தன் துளைகளை மூடிக்கொள்ளும், பழுப்பது தாமதமாகும், பழத்தின் தோல் தடிக்கும். காற்றை எல்லைக்கல்லாக நட்டு அரசு முத்திரையும் வாங்கியிருக்கிறார்கள் என்றால் கெட்டிக்காரர்கள்தான்.

இதில் விளம்பர வாசகங்களும் உண்டு. பாறையின் சுவை வேர் வழியே ஏறிக் கோப்பைக்குள் இறங்குகிறது என்பது அவற்றில் ஒன்று. கொடி பாறையை அப்படியே உறிஞ்சிச் சுவையாகக் கொடுப்பதில்லை என்று அலெக்ஸ் மால்ட்மன் என்ற நிலவியலாளர் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். மண் முக்கியம்தான், ஆனால் எவ்வளவு நீரைப் பிடித்து வைக்கும், எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்ற வழியில்தான் பெரிதும் முக்கியம். பிரான்ஸின் சாப்லியில் கொடிக்கு அடியில் கிடக்கும் தொல்பழங்காலச் சிப்பிகளைக் காட்டியே ஒயினின் பெருமையைப் பேசுவார்கள். பழவேற்காடு ஏரியிலும் அடியில் பழைய சிப்பிப் படிவங்கள் உண்டு. அவற்றை அள்ளிச் சூளையில் போட்டுச் சுண்ணாம்பாக்கி விற்றதுதான் நம் பக்கத்துக் கதை.

இனி ஏரிக்கு வரலாம். சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பரப்பில் பெரும்பங்கு ஆந்திரத்தில் இருக்கிறது, தெற்குப் பகுதி மட்டும் தமிழ்நாட்டில். கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் ஸ்ரீஹரிகோட்டா தீவு மதில்போல நீண்டு கிடக்கிறது. (ராக்கெட் ஏவும் நாளில் இந்தப் பக்கத்து மீனவர்களைக் கடலுக்குப் போகவேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள், விண்வெளி ஆய்வுக்கு இவர்கள் கட்டும் சந்தா அது.) தெற்கே ஆரணியாறும் மேற்கே காளங்கியும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன, வடக்கிலிருந்து சுவர்ணமுகியின் நீரும் சேர்கிறது. பக்கிங்காம் கால்வாய் ஊடே போகிறது. பார்வைக்குக் கடல்போல விரிந்திருந்தாலும் சராசரி ஆழம் சுமார் ஒரு மீட்டர்தான். பல இடங்களில் மனிதர் நடந்தே போகலாம்.

ஆழம் இல்லாத இந்த நீர்தான் எல்லாவற்றுக்கும் மூலம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது ஆற்று வெள்ளம் ஏரியை நிரப்பி, பழவேற்காட்டு முகத்துவாரத்தில் சேர்ந்த மணலைத் தள்ளிக்கொண்டு கடலுக்குள் பாயும். அப்போது ஏரியில் பல இடங்களில் உப்பே தெரியாது. மழை நின்றபின் கதை திரும்பும்: ஏற்றத்தில் கடல் உள்ளே வரும், வற்றத்தில் ஏரி வெளியே போகும். பங்குனி, சித்திரை ஆகும்போது ஆற்றில் நீர் இருக்காது, கடலோர நீரோட்டம் மணலைக் கொண்டுவந்து வாயில் குவிக்கும், வெயில் ஏரியைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஒரு லிட்டர் கடல்நீரில் உப்பு சுமார் 35 கிராம் என்றால், கோடையில் ஏரியின் சில பகுதிகளில் அது 50 கிராமையும் தாண்டியதாக அளந்திருக்கிறார்கள். வடபகுதியில் நீர் வற்றி உப்புப் பொரிந்த சேற்று வெளி தெரியும். ஒரே நீர்நிலை, ஒரே ஆண்டுக்குள் குளமாகவும் கடலாகவும் கடலைவிட உப்பான பாத்திரமாகவும் மாறிவிடுகிறது.

காசாபிளாங்காவில் மூடுபனி செய்யும் வேலையை இங்கே முகத்துவாரம் செய்கிறது. கடல் எவ்வளவு உள்ளே வரலாம், எத்தனை மாதம் வரலாம் என்பதை அந்த மணல்வாய் தீர்மானிக்கிறது. அங்கே கடலிலிருந்து எத்தனை மைல் என்று கேட்பதுபோல இங்கே வாயிலிருந்து எத்தனை தூரம் என்று கேட்கலாம். பழவேற்காட்டுக் குப்பங்கள் வாயின் பக்கத்திலேயே இருக்கின்றன. ஏற்றமும் வற்றமும் அங்கே உடனே தெரியும். சுண்ணாம்புக்குளம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில், ஏரியின் மேற்குக் கரையில், ஆந்திர எல்லையை நெருங்கிய ஊர். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் பக்கம். கடல்நீர் அங்கே வந்துசேர ஏரியைக் கடந்தாக வேண்டும். நீர் மெதுவாகப் புரளும், வெயிலில் நின்று காயும், மழைநீரோடு கலக்கும். ஒரே நாளில், ஒரே ரக இறால், ஏரியின் இரு கரையில் இரண்டு விதமான தண்ணீரில் வளர்கிறது.

அதனால் சுவையில் என்ன மாறும் என்று சமைக்கிறவர் கேட்பது நியாயம். இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது. வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். பொரிந்த குஞ்சு சில வாரங்களில் ஏற்றத்தோடு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்துவிடும். சேற்றிலும் பாசியிலும் மேய்ந்து சில மாதம் வளர்ந்து, மறுபடி கடலை நோக்கிப் புறப்படும். இந்தப் பயணத்தில் அது உப்பு மாறிக்கொண்டே இருக்கும் நீரில் வாழவேண்டியிருக்கிறது. வெளியே உப்பு ஏறினால் உடம்பின் உயிரணுக்களிலிருந்து நீர் வெளியேறப் பார்க்கும். அதைச் சமாளிக்க இறால் தன் தசையில் கிளைசின், புரோலின், அலனைன் போன்ற அமினோ அமிலங்களைச் சேர்த்து வைக்கும். கிளைசினும் அலனைனும் நாக்குக்கு இனிப்பானவை. இறால் இனிக்கிறது என்று நாம் சொல்லும் அந்த இனிப்பில் பெரும்பங்கு இதுதான். உப்பு கூடிய நீரில் இருந்த இறால் அதிகம் இனிக்கும், நல்ல தண்ணீருக்கு அருகே வளர்ந்தது சப்பென்றிருக்கும். குளிரில் திராட்சை புளிப்பைச் செலவழிக்காமல் வைத்திருப்பதற்கு இணையான சங்கதி: பிழைப்புக்காக உயிர் செய்துகொண்ட ஏற்பாடு, சாப்பிடுகிறவருக்குச் சுவையாக வந்து சேர்கிறது.

இரண்டாவது சங்கதி வாசனை. கடலில் பிடித்த இறாலை உரிக்கும்போது லேசாக அயோடின் கலந்த ஒரு கடல்மணம் எழும். புரோமோபீனால் என்ற பொருள்கள் தருவது அது. சேற்றில் வாழும் புழுக்களிலும் பாசிகளிலும் இவை உண்டு. அவற்றைத் தின்னும் இறாலின் உடம்பில் சேர்கின்றன. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1990-களில் கடல் இறாலையும் பண்ணை இறாலையும் ஒப்பிட்டபோது, தீவனம் தின்று வளர்ந்த பண்ணை இறாலில் இவை மிகக் குறைவாக இருப்பதைக் கண்டார்கள். போதாக்குறைக்கு உப்புக் குறைந்த குளங்களில் சிலவகைப் பாசிகள் ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்கும். இறால் குழம்பில் திடீரென்று மண்வாடை அடித்தால் பெரும்பாலும் சந்தேகப்படவேண்டியது அதைத்தான். இஞ்சி பூண்டு விழுதைக் கூட்டி இதை மறைக்க நமக்குத் தெரியும். மறைக்கத் தேவையில்லாத இறாலுக்கும் அதே அளவு விழுதைப் போடுவதுதான் பிரச்சினை.

பசிபிக் கரையிலிருந்து வந்த வனாமி இறாலுக்கு இந்தியாவில் 2009-இல் அனுமதி கிடைத்தபின் சந்தை தலைகீழாயிற்று. விலை மலிவு, ஆண்டு முழுக்க ஒரே சைஸ், எண்ணிக்கை தவறாது. அதை வைத்துத் தொழில் நடத்துவதில் தவறு சொல்ல ஒன்றுமில்லை. ஏரியின் வெள்ளை இறாலையும் கருவண்டு இறாலையும் அதே கூடையில் போட்டு அதே பெயரில் விற்பதுதான் கண்ணை உறுத்துகிறது.

பிடிக்கிற முறைக்கும் சுவைக்கும் தொடர்பு உண்டு. அதை உங்களைப்போல் அறிந்தவர்கள் குறைவு, ஏனென்றால் நசுங்கிய இறாலின் தலை கறுப்பதை முதலில் பார்ப்பது நீங்கள்தான். ஏரியில் பெயர்பெற்றது சுத்து வலை. கம்பு ஊன்றி, வளைத்துக் கட்டி, பெரும்பாலும் இரவில், வற்றத்தின் ஓட்டத்தோடு கடலுக்குத் திரும்பும் இறாலை மறிப்பார்கள். நல்ல ஓட்டம் உள்ள இடம் எல்லாருக்கும் வேண்டும். அதற்காகப் பழவேற்காட்டின் பட்டினவர் சமூக மீனவக் கிராமங்கள் நெடுங்காலமாகப் பாடு முறை வைத்திருக்கின்றன: இடங்களைப் பிரித்து, முறைவைத்து, இன்று இவருக்கு இந்த இடம், அடுத்த முறை அவருக்கு என்று ஊரே ஒழுங்கு செய்யும். ஆய்வாளர்கள் தேடி வந்து எழுதிய ஏற்பாடு. அதற்குள் வராத சமூகங்களுக்கு நல்ல இடம் கிடைப்பதில்லை என்ற மனக்குறையும் அந்த ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. எனவே பாடு முறையைப் பொற்காலம்போலப் புகழ்வதில் நிதானம் வேண்டும்.

இருளர்களின் வழி வேறு. வலை இல்லை, படகும் பெரும்பாலும் இல்லை. இடுப்பளவு நீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர்வார்கள். ஓலையில் முடைந்த பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள், இரண்டு கையும் வேலைக்கு வேண்டுமே. விரலில் இறால் துள்ளுவது பட்டதும் அமுக்கிப் பிடித்து, கை வாய்வரை உயர்ந்து, பறிக்குள் போட்டுவிட்டு மறுபடி சேற்றுக்குள் போகும். பெண்கள் மணிக்கணக்காக இப்படி வேலை செய்கிறார்கள். முள்ளும் சிப்பியும் விரலைக் கிழிக்கும். வலையில் அடிபடாமல், ஒன்றின்மேல் ஒன்று நசுங்காமல், உயிரோடு ஒவ்வொன்றாகக் கையில் எடுத்த இறால் அது. பொறுக்கி எடுத்த திராட்சை என்று ஒயின் பாட்டிலில் அச்சிட்டால் விலை ஏறுகிறது. பறி இறாலுக்கு அப்படி ஒரு வரியை யாரும் இதுவரை அச்சிட்டதில்லை.

மடவையையும் பச்சை நண்டையும் இதே தராசில் வைக்கலாம். ஏரி நண்டு கயிற்றால் கட்டுண்டு உயிரோடு விமானமேறுகிறது. தமிழ்நாட்டு நண்டு சிங்கப்பூரில் மிளகு நண்டாகி மேசைக்கு வரும்போது அதன் ஊரை யார் கேட்கிறார்கள்?

ஊர்ப்பெயரைச் சொல்லி விற்பது பழவேற்காட்டுக்குப் புதிதல்ல. டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டி, 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரை வியாபாரத்தை இங்கிருந்துதான் நடத்தினார்கள். கப்பலேறிய முக்கியச் சரக்கு துணி. மலேசியாவில் இன்றும் கட்டம்போட்ட கைலிக்குப் ‘பெலிக்காட்’ என்றுதான் பெயர். பழவேற்காட்டின் பெயர் இத்தனை நூற்றாண்டு கழித்தும் கோலாலம்பூர்க் கடையில் தொங்குகிறது. துணிக்கு ஒட்டிய பெயர் இறாலுக்கு ஒட்டவில்லை.

ஒட்டவைத்தவர்கள் உலகில் இருக்கிறார்கள். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் கலீசியா. அட்லாண்டிக் கடல் விரல்களைப்போல நிலத்துக்குள் நுழைந்த கழிமுகங்களைச் சுற்றி அல்பரீனோ திராட்சை விளைகிறது. மழையும் ஈரமும் அதிகம் என்பதால் கொடியைக் கருங்கல் தூண்களின் மேல் பந்தலாக ஏற்றிவிட்டு, அடியில் காற்று போக வழிவிடுவார்கள். ரியாஸ் பைஷாஸ் என்ற பெயரில் 1988-இல் அந்த ஒயின் வட்டாரத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. அதே கழிமுகத்து நீரில் மரச்சட்ட மிதவைகள் கட்டி, கயிற்றில் மட்டிச் சிப்பி வளர்க்கிறார்கள். கலீசியா மட்டிக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பிறப்பிடப் பாதுகாப்பு உண்டு. மேசையில் ஒயினும் மட்டியும் பக்கத்துப் பக்கத்தில் வரும்போது இரண்டுக்கும் ஒரே மரியாதை.

பிரான்ஸின் மரென்-ஒலெரோன் பகுதி நமக்கு இன்னும் நெருக்கமான பாடம். கடலில் வளர்ந்த சிப்பிகளை, பழைய உப்பளங்களாக இருந்த ஆழமில்லாத குட்டைகளில் சில வாரமோ சில மாதமோ இட்டுவைப்பார்கள். கடல்நீரும் மழைநீரும் கலந்த அந்தக் குட்டையில் சிப்பியின் உப்பு தணிந்து, சதை சுவையேறும். ஒருவகை நுண்பாசியின் நிறமி ஏறிச் சில சிப்பிகளின் செவுள் பச்சையாகவே மாறிவிடும். ஆழமில்லாத உவர்நீர் சுவையை மாற்றும் என்பதை அவர்கள் குறையாக மறைக்கவில்லை. பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் போட்டார்கள். எத்தனை சிப்பி எத்தனை சதுர மீட்டரில், எத்தனை நாள் என்று விதியும் வகுத்தார்கள்.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் நிறைவேறியது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் குறியீடு கிடைத்தது. தேனி மாவட்டத்துக் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் பள்ளத்தாக்கு நீருக்கும் கடன்பட்ட பழம் அது; 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்தது என்பார்கள். திராட்சைக்குத் தமிழ்நாட்டில் ஊர் கிடைத்துவிட்டது என்பதை ஒயின் பிரியர்கள் மட்டுமாவது கவனித்திருக்கலாம். கேரளத்தில் உவர்நீர் வயலில் மழைக்காலத்தில் நெல்லும் அறுவடைக்குப்பின் இறாலும் மாறிமாறி வரும் பொக்காளி முறையில், அரிசிக்குக் குறியீடு வாங்கிவிட்டார்கள்.

ஆனால் குறியீடு ஒரு காகிதம். காகிதத்துக்கு முன்னால் தண்ணீர் இருக்கவேண்டும். முகத்துவாரம் அடைத்துக்கொள்ளும் ஆண்டில் குஞ்சு உள்ளே வராது, வளர்ந்தது வெளியே போகாது, படகும் கடலுக்குப் போகமுடியாது. வாயை நிலையாகத் திறந்து வைக்க இரு பக்கமும் கல் கொட்டிச் சுவர் கட்டும் வேலையை அரசு கையில் எடுத்தது மீனவர்கள் பல ஆண்டாகக் கேட்டுவந்ததன் விளைவு. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத் திட்டத்தை அவர்கள் தொடர்ந்து எதிர்ப்பதும் இதே வாயை நினைத்துத்தான். கரை அரிப்பு கூடினால் ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள மெல்லிய மணல்திட்டு என்னவாகும் என்பது அவர்கள் கேள்வி. இறால் பண்ணைகள் பெருகியபோது, ஜெகந்நாதன் என்பவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்து, சிலிகாவையும் பழவேற்காட்டையும் பெயர் சொல்லி, இரு ஏரிகளிலிருந்தும் 1,000 மீட்டருக்குள் இறால் குட்டை கூடாது என்றது. பின்னால் 2005-இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் அந்தத் துறைக்கு வேறு வழி வகுத்துக் கொடுத்தது. போர்டோவிலோ சாப்லியிலோ தோட்டத்துக்கு நடுவே இப்படி எதையாவது கட்டப்போகிறோம் என்றால், முதலில் தெருவுக்கு வருகிறவர்களில் பாரிஸின் சமையல்காரர்களும் இருப்பார்கள். இங்கே மீனவர்கள் தனியாகத்தான் நிற்கிறார்கள்.

அதனால்தான் மடல் உங்களுக்கு வந்தது, மீன்வளத் துறைக்குப் போகவில்லை. துறைக்குத் தேவையான மனுக்கள் ஏற்கெனவே போயிருக்கின்றன. நீங்கள் நினைத்தால் செலவில்லாமல் நாளைக்கே செய்யக்கூடியவை சில உண்டு. இறால் வாங்கும்போது ஏரியா, கடலா, பண்ணையா என்று கேளுங்கள். ஏரி என்றால் எந்தக் கரை, எந்த வலை என்று அடுத்த கேள்வி. முதல் வாரம் வியாபாரி சிரிப்பார், இரண்டாவது வாரம் பதிலோடு வருவார், ஏனென்றால் கேட்கிறவர் எடுக்கிறவர். மாசியில் வரும் இறாலையும் கார்த்திகை வெள்ளத்தில் வரும் இறாலையும் ஒரே நாளில் ஒப்பிட முடியாது. ஒவ்வொரு முறையும் உப்பு மட்டும் போட்டு வேகவைத்து, தலையோடு சாப்பிட்டுப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டு மூன்று பருவம் ஓடினால், ஒயின் பக்கத்துக்குப் போட்டியாக எழுத உங்கள் கையிலேயே சங்கதி இருக்கும். மழை இறாலுக்குக் குழம்பும் தொக்கும் சரியாக வரலாம். கோடை இறாலை மிளகும் கொஞ்சம் எண்ணெயும் போதும் என்று விட்டுவிடத் தோன்றலாம்.

விலையைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். ஒரே சைஸில், வாரம் ஏழு நாளும், இத்தனை கிலோ என்று ஒப்பந்தம் பேசினால் ஏரி தோற்றுவிடும், வனாமி ஜெயித்துவிடும். கிடைத்த நாளில் கிடைத்த அளவை எடுத்துக்கொள்கிறோம் என்று பேசினால் கதை வேறு. பொடி இறாலை மலிவு என்று வாங்காமல் இருப்பதும் உங்கள் கையில். கண்ணி நெருங்கிய வலையில் வாரியெடுத்த பொடிசு, இரண்டு மாதம் விட்டிருந்தால் நீங்களே மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கியிருக்கக்கூடிய இறால்தான்.

தொடங்குவதற்கு ஏற்ற காலமும் இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த நாட்களில் உங்கள் கொள்முதல் ஆட்கள் பண்ணைக்கும் குளிர்பதனக் கிடங்குக்கும் போன் போடுவார்கள். தடை விசைப்படகுக்குத்தான், ஏரியில் துடுப்பு வலிக்கிறவருக்கும் சேற்றில் கையால் தடவுகிறவருக்கும் இல்லை. முகத்துவாரம் திறந்திருக்கும் ஆண்டில் ஏரி உப்பேறி நிற்கும் காலமும் அதுதான். வரத்து கொஞ்சமாகத்தான் இருக்கும், பத்து மேசைக்குக்கூடப் போதாமல் போகலாம். பழவேற்காட்டுக்கு ஒரு வேனும் சுண்ணாம்புக்குளம், ஆரம்பாக்கம் பக்கம் இன்னொரு வேனும் அனுப்பினால், இரண்டு கரையின் இறாலையும் தனித்தனி ஐஸ் பெட்டியில், கலக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஏரி இறாலைத் தலையோடு சாப்பிடுகிற ஒரு வாடிக்கையாளர்